நின்றுபோன லாரியும் காயாத மண்ணும்

திங்கட்கிழமையிலிருந்து வண்டி பார்க்கப் போகிற வேலை உங்கள் மூன்று பேருடையது. நான் உள்ளே மேசைக்கு வந்துவிட்டேன். முப்பத்தொரு வயதில் ஒரு வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொள்கிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. புதுப்பிக்கிற வேலை பாதியில் நின்றுபோன பழைய வண்டிகளை நம் ஷெட்டுக்காகப் போய்ப் பார்த்து, ‘வாங்கலாம்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டில் ஒன்றில் டிக் போட்டுக் கொடுப்பதுதான் ஆறு வருஷமாக என் வேலை. முதலாளி சார் நேற்றுக் கூப்பிட்டு, “தெரிஞ்சதையெல்லாம் புதுசா வந்தவங்களுக்கு எழுதிக் கொடுப்பா” என்றார். தெரிந்ததை எழுத உட்கார்ந்தேன், அரைப் பக்கம் தாண்டவில்லை. தெரியாததை எழுதினால் வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

துருவை எங்கே தட்டிப் பார்ப்பது, சேசிஸ் என்கிற அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று எப்படி நூல் பிடிப்பது, இதெல்லாம் ஷெட்டில் இருப்பவர்கள் காட்டிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வருவது ஒரு கேள்வியைப் பற்றி. பாதி வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும், “இன்னும் எவ்வளவு வேலை பாக்கி?” என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் ஓசூர்ப் பக்கம் ஒரு பழைய வேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று விற்றவர் சொன்னார். பார்த்தேன், முடிந்திருந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. ‘வாங்கலாம்’ என்று டிக் போட்டேன். ஷெட்டுக்குக் கொண்டுவந்து சுரண்டினால் தகரத்தையே காணோம். தகரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பள்ளம் அடைக்கிற புட்டிப் பசை. அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்குத்தான் அந்த மனிதர் வேலையை நிறுத்தியிருக்கிறார்.

சார் திட்டவில்லை. “அடுத்த தடவை, ஏன் நின்னுச்சுன்னு கேளு” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அது என்னைக் காப்பாற்றியது. பிறகு என் சொந்த ஊரிலேயே என்னைக் குப்புறத் தள்ளியது.

என் ஊர் கே.ஜி.எஃப்., கோலார் தங்கவயல். ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. அப்பா சுரங்கத்து மில்லில், கல்லை மாவாக அரைக்கிற இடத்தில் இருந்தவர். மைன்ஸ் மூடினதும் தினம் விடியக்காலை ரயில் ஏறி பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போய்வந்து என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். லைனில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும், பென்ஷன், கோர்ட்டு, ஆஸ்பத்திரி எதுவானாலும், “அந்தப் பையன்கிட்ட குடு, படிச்சிச் சொல்லுவான்” என்று என்னிடம் வந்துவிடும். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா ஷெட்டுக்குப் போன் பண்ணினார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த மூக்கு நீண்ட பெட்ரோல் லாரி, பாதி வேலை முடிந்து நிற்கிறது, எடுத்துக்கொள்வீர்களா என்று. ஊர் கே.ஜி.எஃப். நந்திதுர்க் என்றதும் சார் என்னைப் பார்த்தார். “உன் ஊர்ப்பா, நீயே போ. துமகூர்ல ஒருத்தன் இதே மாடல் வச்சிருக்கான். நாலு மணிக்குள்ள பதில் வேணுமாம். ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும். நீ சொல்றதுதான்.”

ஆடி மாசம். கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போதே சயனைடு டம்ப்பிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியை அள்ளிக்கொண்டு வந்தது. டம்ப் என்றால் தங்கம் எடுத்தபின் கொட்டின கழிவு மண். மலை மலையாக நிற்கும். சின்ன வயதில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன் மேலிருந்து சறுக்குவோம்.

வீட்டுப் பின்வாசலில் ஷீட் கூரைக்குக் கீழே லாரி நின்றது. பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு பெரிய ஏர் கம்ப்ரஸர், ஏலத்தில் எடுத்ததாம். ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மண் குவியல். லாரியை வேலை செய்தவர் தணிகாசலம், அறுபது வயது இருக்கும். இங்கே இருக்கிற பெரிய பேக்டரியில் முப்பது வருஷம் மெஷினிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். லாரி அவருடைய மாமனாருடையது. மாமனாருக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் அரிசிக் கடை. பங்காருப்பேட்டையிலிருந்து மூட்டை ஏற்றி வந்த வண்டி இது. இப்போது அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர் அவர் மகள் புஷ்பாவதி, அதாவது தணிகாசலத்தின் மனைவி. எங்களுக்குப் போன் பண்ணினவர் அவர்தான்.

“மண்டிக்காரர் பொண்ணு இஷ்டத்துக்கு போன் போட்டுட்டா. நான் விக்கிறேன்னு யார்கிட்டயும் சொல்லல” என்றுதான் தணிகாசலம் என்னை வரவேற்றார். பிறகு என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். “இன்னா தம்பி இது, பரீட்ச பேப்பர் மாதிரி கீது?”

“வண்டிய பார்த்து இதுல எழுதணும் அங்கிள்.”

“இதுல டிக் போட்டா பிஸ்டன் கேட்டுகினு ஓடுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குனிந்து சேசிஸைப் பார்த்தேன். சிரிப்பு தானாக நின்றுவிட்டது. அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. துருவை எல்லாம் மண் அடித்து எடுத்திருந்தார். மண் அடிப்பது என்றால், கம்ப்ரஸர் காற்றில் மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை உதிர்ப்பது. நம் ஷெட்டில் அடித்தால் இரும்பு சொரசொரவென்று இருக்கும். இவர் அடித்தது பட்டு மாதிரி இருந்தது. கேபின், பானெட், கதவு எல்லாம் அசல் தகரம், புட்டி ஒரு விரல் அளவுகூட இல்லை. என் மனதுக்குள் ‘வாங்கலாம்’ பக்கம் பேனா சாய்ந்துவிட்டது.

ஆனாலும் கேள்வியைக் கேட்டேன். “இவ்ளோ நல்லா வந்துகினு இருந்தது, ஏன் அங்கிள் நின்னுச்சு?”

“நின்னுச்சுன்னு யார் சொன்னது? மண்ணு காயல. அது காஞ்சதும் மறுபடி அடிக்க வேண்டிதுதான்.” காலால் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். குவியல் ஈரமாக இருந்தது. “கூர எங்கியோ ஒழுகுது. எங்கன்னுதான் தெரில.”

சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் பற்றி நான் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகம் கடையில் இருக்கிறது என்றார்கள். காகிதம் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது, இதை நீங்களும் மறக்காதீர்கள். பஜாருக்குப் போனேன். புஷ்பாவதி ஆன்ட்டி ஒரு வாடிக்கைக்காரருக்குப் பச்சரிசி அளந்துகொண்டே என்னை உட்காரச் சொன்னார். கூட்டம் போனதும் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். ஆர்.சி. சரியாக இருந்தது. அப்பா பேரிலிருந்து இவர் பேருக்கு மாற்றியிருந்தார்கள். அதே பையில் ஒரு எக்ஸ்ரே உறையும் இருந்தது.

“படிச்சவரு நீங்க தம்பி. கன்னடம்னா நானே படிச்சிடுவேன். இது இங்கிலீஷு. இதுல இன்னா போட்டுகீதுன்னு பாருங்க. அவருக்குக் காட்டல. சளின்னு சொல்லி வச்சிருக்கேன்.”

படித்தேன். இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் புள்ளி புள்ளியாக நிழல். கல் தூசியில் வேலை செய்தவரா என்று விசாரிக்கவும். இந்த மாதிரிக் காகிதம் எங்கள் லைனில் எத்தனை பேருக்குப் படித்துச் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவுக்கும் நான்தான் படித்துச் சொன்னேன்.

“அந்த டாக்டரு, ‘எந்த ஷாஃப்ட்ல வேல செஞ்சீங்க, எத்தினி லெவல் வரைக்கும் எறங்குவீங்க’ன்னு கேட்டாரு தம்பி. இவரு சிரிக்கிறாரு. பேக்டரி ஆளு, சுரங்கத்துக்குள்ள எறக்கற கேஜுல ஒரு நாள் எறங்கினதில்ல. ஆள மாத்திப் படம் புடிச்சிட்டாங்கன்னு சொல்லிகினு வந்துட்டாரு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டு மாதிரி வந்த அந்தச் சேசிஸ். தார்ப்பாய்க்குக் கீழே சாம்பல் நிற மண், என் அப்பா மில்லில் அரைத்த அதே கல் மாவு. ஆற்று மணல் இங்கே கிடைப்பதே கஷ்டம். டம்ப் மண் சும்மா கிடைக்கிறது, மாவு மாதிரி இருக்கிறது, கண்ணெதிரே மலையாக நிற்கிறது. எங்கள் ஊர் ஆள் ஒருவன்தான் அதை எடுத்து மண் அடிப்பான். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அந்த யோசனையே வராது. இரண்டு வருஷமாக, மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு, ஷீட் போட்ட இடத்தில் அதை அடித்திருக்கிறார். ஸ்கெலட்டனில் பிறந்து அந்த மண்ணில் சறுக்கி விளையாடியவன் நான். பார்த்த உடனே தெரிந்திருக்க வேண்டும். டிப்ளமா படித்தவன் கண்ணால் பார்த்து, பளபளப்பைத்தான் பார்த்தேன்.

“நான் கெஞ்சிக் கேட்டுகினேன் தம்பி, ஆறு மாசத்துக்கு முன்னால. அன்னிலேர்ந்து மெஷினைத் தொடல. நான் சொன்னா கேக்கற மனுஷன்தான். ஆனா தெனம் போய்ப் பாக்கறாரு. புதுசா ஒரு லோடு மண்ணு வேற இறக்கி வச்சிகீறாரு. அதுக்கு வெடியக்காலையில நான் ஒரு பக்கெட்டு தண்ணி ஊத்தறேன். காயாம இருக்கணுமே.” கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். “எத்தினி நாளைக்கு ஊத்துவேன். நீங்க லாரிய எடுத்துகினு போய்டுங்க. கண்ணுல படாம போச்சுன்னா தொட மாட்டாரு. நல்லா கீதுன்னு எழுதிக்குடுங்க தம்பி.”

“இது பெரிய விஷயமா தம்பி?” என்று எக்ஸ்ரே உறையைக் காட்டிக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால், “சரியாத் தெரியல ஆன்ட்டி, பெங்களூர்ல நெஞ்சு டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க” என்றேன். மற்றவர்களுக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னவன் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை.

திரும்பிப் போகிற வழியெல்லாம் ‘வாங்கலாம்’ என்றுதான் இருந்தேன். தகரம் நன்றாக இருக்கிறது, காகிதம் சரியாக இருக்கிறது, ஒரு மனிதர் பிழைப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இஞ்சினை மட்டும் ஒரு பேச்சுக்குப் பார்த்துவிட்டுச் சாருக்குப் போன் பண்ணலாம் என்று நினைத்தேன்.

இஞ்சினை அவர் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டி வைத்திருந்தார். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் தேன் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். வழவழப்புக்குள்ளே இன்னொரு வழவழப்பு இருந்தது, திருநீறு தேய்க்கிற மாதிரி. முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றினேன். பாதிச் சுற்று சுகமாக வந்தது. பிறகு உள்ளே ஓரிடத்தில் கர்ரென்று ஒரு சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சின் பிளாக்கையும் அதே மண்ணுல அடிச்சீங்களா அங்கிள்?”

துடைத்த துணியை விரல்களில் சுற்றிக்கொண்டார். “ஓட்டையெல்லாம் அடச்சிட்டுதான் அடிச்சேன்” என்றார். “ஒண்ண மறந்துட்டேன் போல. இல்லாட்டி அடப்பு தெறிச்சிடுச்சு. முப்பது வருஷம் மைக்ரான் கணக்குல வேல பாத்தவன் தம்பி. பூட்டினப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு மெஷினை நிறுத்தினவன்தான்.”

“அன்னிக்குத்தான் ஆன்ட்டியும்…”

“அன்னிக்கு சாயங்காலம்தான் அவளும் அழுதுகினு வந்து, வேணாம், வுட்டுடுன்னா. சரின்னுட்டேன். அவ சொன்னதாலதான் வுட்டேன்னு நெனச்சிகினு கீறா. அப்டியே இருக்கட்டும் தம்பி. கல்யாணம் ஆகி இத்தினி வருஷத்துல அவ சொல்லி நான் கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் பொய்யின்னு தெரிஞ்சா நல்லாருக்காது.” துணியை விரலிலிருந்து உருவிக்கொண்டே, “மண்ணுல அவ தண்ணி ஊத்தறது எனக்குத் தெரியாதா? பக்கெட்டு சத்தத்துலதான் தெனம் முழிப்பே வருது” என்றார்.

பாருங்கள், ‘ஏன் நின்னுச்சு’ என்ற கேள்விக்கு இப்போது என் கையில் மூன்று பதில். மண் காயவில்லை. மனைவி சொன்னார். இஞ்சினுக்குள் மண் போய்விட்டது. மூன்றும் நிஜம். முதலாவது அவர் ஊருக்குச் சொல்வது, இரண்டாவது அந்த அம்மா நம்புவது, மூன்றாவது அவருக்கு மட்டும் தெரிந்தது. அந்த அம்மாவின் ரகசியம் ஒன்றும் அவருடைய ரகசியம் ஒன்றும் என்னிடம் இருந்தன. நான் வந்தது லாரி பார்க்க.

மூன்றரை மணிக்குச் சார் போன் பண்ணினார். “இன்னாப்பா, வாங்கலாமா?”

வாங்கலாம் என்றால் சாருக்குத் துரோகம். யுத்த காலத்து இஞ்சின், ஆயில் போகிற ஓட்டைகளில் எல்லாம் கல் மாவு. எவ்வளவு அரித்திருக்கிறது என்று முழுக்கப் பிரிக்காமல் யாரும் சொல்ல முடியாது, மாற்றுச் சாமானும் கிடைக்காது. ஓசூர் வேனுக்குப் பிறகு சார் என்னை மறுபடி நம்பினது பெரிய விஷயம். வேண்டாம் என்றால் லாரி இங்கேயே நிற்கும். மழை விடும். ஒரு நாள் அந்த அம்மா பக்கெட்டை மறப்பார். இவர் தப்பைச் சரிசெய்கிறேன் என்று மறுபடி துண்டைக் கட்டிக்கொள்வார். தப்புப் பண்ணின மெஷினிஸ்ட் சும்மா இருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும்.

“தெரியல சார்” என்றேன்.

“தெரியலன்னு சொல்றதுக்கா உன்ன அனுப்பினேன்?”

“கேபின் நம்ம ஷெட்ல பாத்த எதைவிடவும் நல்லாருக்கு சார். இஞ்சின் சந்தேகம். ஆனா…” எனக்கே தெரியாமல் வாயில் வந்தது. “கம்ப்ரஸர் ஒண்ணு இருக்கு சார். ஏலத்துல எடுத்தது, கெட்டி உருப்படி. நம்மது போன மாசத்துலேர்ந்து மக்கர் பண்ணுது. அத எடுத்துக்கலாமா?”

“ஏம்ப்பா, பொண்ணு பாக்கப் போனவன் அவங்க வீட்டுக் கட்டில வெல பேசிட்டு வரேங்கிற.” பிறகு பெருமூச்சு விட்டார். “சரி, துமகூர்காரனுக்கு நான் சொல்லிடறேன். கட்டிலையாவது நல்லதா பாத்து எடு.”

இனி அவரிடம் கேட்க வேண்டும். இருக்கிற பொருளையே விற்க மனம் இல்லாதவரிடம், விற்பதாகச் சொல்லாத பொருளைக் கேட்பது எப்படி? நேராகவே கேட்டேன்.

“லாரி வேணாம் அங்கிள். கம்ப்ரஸரைக் குடுங்க.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். “அவ உங்ககிட்ட இன்னா காட்டினா?”

“எங்கப்பா மில்லுல இருந்தவரு. மாடிப்படி ஏற மாட்டாரு இப்ப. இந்த இருமலைக் கேட்டுகினுதான் நான் படிச்சேன்.”

“நான் கேஜுல ஒரு நாள்கூட எறங்கினதில்ல தம்பி.”

“நீங்க எறங்கல அங்கிள். மண்ணுதான் மேல வந்துடுச்சே.”

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். கடையைச் சாத்திவிட்டு ஆன்ட்டி வந்துவிட்டிருந்தார். தணிகாசலம் கம்ப்ரஸர் பக்கம் நடந்துபோய் அதன் டாங்கைக் கையால் இரண்டு தடவை தட்டினார். “ஒரு டயர்ல காத்து நிக்காது” என்றார். “தள்ளிகினுதான் போகணும்.”

மறுநாள் டெம்போ கொண்டுவந்து ஏற்றினோம். புஷ்பாவதி ஆன்ட்டிக்கு என் மேல் சரியான கோபம். “லாரிய பாக்க வந்தீங்க, காத்தடிக்கிற மெஷினை எடுத்துகினு போறீங்க. உங்க கம்பெனியில எல்லாருமே இப்படித்தானா? லாரியில இன்னா கொற கண்டீங்க?”

இஞ்சினைப் பற்றிச் சொன்னால், தான் சொன்னதால்தான் கணவர் நிறுத்தினார் என்ற அவருடைய நம்பிக்கை போய்விடும். “கொற ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சார் வேற ஒண்ணு எடுத்துட்டாரு” என்றேன். அவர் முகம் விழுந்துபோனது. டெம்போ கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார், “அப்ப இது இல்லாம மண்ணு அடிக்க முடியாதா?” முடியாது என்றேன். உள்ளே போய்விட்டார்.

அந்தப் படிவம் ஷெட்டில் ஃபைலில் இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறேன். கடைசி வரியில் மட்டும் ‘வாங்கலாம்’, ‘வேண்டாம்’ இரண்டும் காலி. ஆறு வருஷத்தில் நான் டிக் போடாத ஒரே படிவம். துமகூர் லாரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஷெட்டில் வேலை ஒன்றரை வருஷம் இழுத்தது, கடைசியில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். சாருக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதனால் நான் செய்தது சரியா தப்பா என்று அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அப்பாவைப் பார்க்கப் போனபோது அந்தப் பக்கம் ஒரு எட்டுப் போனேன். இஞ்சின் வெளியே எடுத்து மரக்கட்டை மேல் வைத்திருந்தது. தணிகாசலம் ஒவ்வொரு சாமானாக மண்ணெண்ணெயில் கழுவி, ஓட்டை ஓட்டையாகத் துணித்திரி விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். கதவைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு எமரி பேப்பரால் தேய்த்து வைத்திருந்தார். தூசியே இல்லை. பெங்களூர் டாக்டரிடம் போய்வந்தார்களாம்.

“தூசிகிட்ட போகாதீங்கன்னாரு. கே.ஜி.எஃப்ல தூசி இல்லாத எடம் எங்க கீது டாக்டர்னு கேட்டேன். அவரும் சிரிச்சிட்டாரு” என்றார். சிரிக்கும்போது முன்னளவுக்கு இருமினாரா, குறைவாக இருமினாரா என்று நான் கவனித்துப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை.

மண் குவியல் அதே இடத்தில் இருந்தது. தார்ப்பாயைத் தூக்கினேன், ஈரம். ஆன்ட்டி காபி கொண்டுவந்தார், கோபம் ஆறியிருந்தது. “மெஷினே இல்லையே ஆன்ட்டி, இன்னுமா ஊத்தறீங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“காத்துல பறக்காம இருக்கணும் இல்ல” என்றார். பிறகு கணவர் பக்கம் பார்த்துக்கொண்டு, “ஊத்தாட்டி அவருக்கு முழிப்பு வராது” என்றார். தான் ஊற்றுவது கணவருக்குத் தெரியும் என்று ஆன்ட்டிக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. இத்தனை தெரிந்தவர்களுக்கு இடையில், இஞ்சின் விஷயமும் அந்த அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்குமோ? கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? சார் கொடுத்த அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன், அதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் நின்றது என்று கேளுங்கள். ஒரு பதில் வந்தால் இன்னொருவரிடமும் கேளுங்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இரும்பைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை என்றுதான் நான் இதில் சேர்ந்தேன். இப்போது டிக் போடுவதற்குக் கை வரவில்லை. மேசை வேலை கேட்டதற்கு அதுதான் காரணம், சாரிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. போன வாரம் தணிகாசலம் அங்கிள் போன் பண்ணினார். லாரியை விற்கிறேன், ஆள் அனுப்பு என்றார். இஞ்சின் சத்தமில்லாமல் சுற்றுகிறதாம். ஒன்றரை நிமிஷம் பேசியிருப்பார். அவர் இருமுகிறாரா என்றே நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூட இருமவில்லை. சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆர்.சி. ஆன்ட்டி பேரில். விற்க வேண்டும் என்று துடித்ததும் ஆன்ட்டிதான், போன் பண்ணுவதும் எப்போதும் ஆன்ட்டிதான். கடைசி வரைக்கும் விற்க மாட்டேன் என்றவர் ஏன் கூப்பிட்டார்? ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பப் போன் பண்ணிக் கேட்கலாம். எத்தனையோ தடவை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

உங்களில் ஒருவர் செவ்வாய்க்கிழமை அங்கே போக வேண்டும். படிவம் எடுத்துக்கொண்டு போங்கள். இஞ்சினை ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பாருங்கள், ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், பின்வாசலுக்குப் போனதும், தார்ப்பாயைத் தூக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அங்கிருந்தே எனக்கு ஒரு போன் போடுங்கள். காய்ந்திருந்தால் போனில் வேண்டாம், சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து நேரில் சொல்லுங்கள்.